கறுப்புக்கு அல்பின் காம்பிட்டை நம்பி எடுக்கலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து சதுரங்கம் ஆடுகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, வெள்ளை டி4, பிறகு சி4 என்று வந்தால் நான் கறுப்பில் இரண்டாவது நகர்விலேயே இ5 தள்ளுகிறேன். யூடியூப்பில் பார்த்துப் பழகியது. ஃபோனில் பத்து ஆட்டத்தில் ஏழு வென்றுவிட்டேன். ஆனால் ஆட்டத்தைக் கணிக்கிற கணினி எஞ்சினைப் போட்டால் வெள்ளைக்குத்தான் நல்லது என்று காட்டுகிறது. வலயப் போட்டிக்கு இதை எடுக்கலாமோ? எதை நம்புவது?"

எடுக்கலாம் தம்பி. ஆனால் இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம், பலகையை விரித்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். கட்டங்களை ஏ முதல் எச் வரை தமிழிலேயே எழுதுகிறேன். வெட்டுவதற்குப் பெருக்கல் குறி. எண்ணுக்குப் பிறகு முதலில் வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் பதில்; எண்ணுக்குப் பிறகு மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு.

1. டி4 டி5 2. சி4 இ5. இதுதான் அல்பின் எதிர்க் காம்பிட், அதாவது ஒரு சிப்பாயைக் கொடுத்து வேகம் எடுக்கப் பார்க்கிற திறப்பு (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்). அடோல்ஃப் அல்பின் 1893இல் நியூயோர்க்கில் இமானுவேல் லாஸ்கருக்கு எதிராக ஆடியதால் அவர் பெயர் நிலைத்தது. 3. டி×இ5 டி4 வந்ததும் பலகையைப் பாருங்கள். கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. பதிலுக்கு டி4இல் ஒரு சிப்பாய் முள்ளுப்போல நிற்கிறது. வெள்ளையின் ராணிப்பக்கக் குதிரை சி3க்கு வர முடியாது. இ3 தள்ளுவதும் சிக்கல். கறுப்பு செய்திருப்பது நகையை அடைவு வைத்துக் காசெடுத்தது மாதிரி. கையில் காசு இருக்கிறது, வேகமாக ஏதாவது செய்யலாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நகையை மீட்கிற திட்டம் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் இந்தத் திறப்பை மதிப்பிட வேண்டும்.

யூடியூப்பில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் லாஸ்கர் பொறியாகத்தான் இருக்கும். 4. இ3 என்று வெள்ளை அந்த முள்ளைப் பிடுங்கப் பார்க்கும். பார்வைக்கு மிக நியாயமான நகர்வு. கறுப்பு பிஷப் பி4 செக். 5. பிஷப் டி2 டி×இ3. இங்கே 6. எஃப்×இ3 என்று வெட்டினால் வெள்ளைக்கு அசிங்கமான இரட்டைச் சிப்பாய், ஆனால் உயிர் தப்பும். 6. பிஷப்×பி4 என்று ஆசைப்பட்டால் இ×எஃப்2 செக். ராஜா அந்தச் சிப்பாயை வெட்டினால் டி1இல் ராணி போகும், எனவே 7. ராஜா இ2. இப்போதுதான் வேடிக்கை: எஃப்×ஜி1, ஆனால் ராணியாக அல்ல, குதிரையாக, செக்கோடு! கோட்டை அந்தக் குதிரையை வெட்டினால் பிஷப் ஜி4 செக், ராஜாவுக்குப் பின்னால் ராணி. வெட்டாமல் ராஜா இ1க்குப் போனால் ராணி எச்4 செக் என்று கறுப்பு ராணி இறங்கிவிடும். அவசரப்பட்டு ஜி1இல் ராணியாக மாற்றினால் 8. ராணி×டி8 செக், ராஜா வெட்ட, 9. கோட்டை×ஜி1. எண்ணிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமம். பொறி வீணாகிவிடும்.

என்னிடம் சனிக்கிழமைகளில் பழக வருகிற ஒரு பிள்ளை, அப்போது தரம் 9, வலயப் போட்டியில் இதை அப்படியே ஆடினாள். ஜி1இல் வெள்ளைக் குதிரையை எடுத்துவிட்டு, தன் சிப்பாயையும் தூக்கிவிட்டு, கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு முழித்தாள். கறுப்புக் குதிரை எங்கே? அந்த நேரத்தில் கறுப்புக் குதிரை இரண்டும் பி8இலும் ஜி8இலும் அசையாமல் நிற்கின்றன. வெட்டப்பட்டுக் கிடப்பது ஒரு பிஷப்பும் சிப்பாயும்தான். நல்ல காலம், மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்த வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். தேவையான காய் கையில் இல்லாவிட்டால் மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கேட்கலாம், அது விதியிலேயே இருக்கிறது. நடுவர் மூன்று மேசை தள்ளி முடிந்திருந்த ஒரு ஆட்டத்திலிருந்து கறுப்புக் குதிரையை எடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அந்தக் குதிரை மூன்று மேசை கடந்து வருவதற்குள் செய்தி முல்லைத்தீவு வரைக்கும் போய்விட்டது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

பகிடி என்றாலும் உண்மை அதுதான். வன்னியில் போட்டிக்கு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்? கிளிநொச்சி, துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா வடக்கு என்று எந்த வலயத்தை எடுத்தாலும் வயதுக்கு வயது அதே முகங்கள். வலயத்தில் பார்த்தவரைத்தான் மாகாணத்தில் திரும்பப் பார்க்கிறோம். கொழும்பில் ஒரு பெரிய போட்டியில் எதிராளி உங்களை முதல் தடவை பார்க்கிறார், பொறி அங்கே பலமுறை விழலாம். இங்கே ஒரு தடவைதான். பன்றிக்குப் பொறி வைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பன்றி அகப்பட்ட இடத்தில் மற்றது அந்தத் தடத்தால் வராது.

மாகாணப் போட்டியில் அதே பிள்ளை அதே காம்பிட்டை ஆடினாள். எதிராளி 4. குதிரை எஃப்3 ஆடினாள். குதிரை சி6. 5. ஜி3 பிஷப் ஜி4 6. பிஷப் ஜி2 ராணி டி7 7. வெள்ளை ராஜாப் பக்கம் கோட்டை கட்டியது (ராஜாவை ஓரமாக ஒதுக்கி, கோட்டையை அதன் அருகில் கொண்டுவருவது), கறுப்பு ராணிப் பக்கம் கட்டியது. பிஷப்பை எச்3இல் வைத்து ஜி2 பிஷப்பை மாற்று, பிறகு எச் சிப்பாயைத் தள்ளித் தாக்கு என்பதுதான் வீடியோ சொன்ன திட்டம். 8. ராணி பி3 வந்ததும் அவள் யோசிக்காமல் பிஷப் எச்3 என்று வைத்தாள். 9. இ6! மேலதிகமாக இருந்த சிப்பாயை வெள்ளை சும்மா நீட்டுகிறது. ராணிக்கு அடி. ஜி2 பிஷப்பை வெட்டினால் இ×டி7 செக் என்று ராணியே போகும், எனவே பிஷப்×இ6. 10. குதிரை இ5. இப்போது குதிரையும் ராணியைத் தாக்குகிறது. அவள் சந்தோஷமாகக் குதிரை×இ5 வெட்டினாள். 11. ராணி×பி7 மேட்.

எண்ணிப் பாருங்கள். எஃப்3 குதிரை நகர்ந்துவிட்டது, சி6 குதிரையும் நகர்ந்துவிட்டது, ஜி2 பிஷப் நீண்ட மூலைவிட்டம் முழுக்கப் பார்க்கிறது. பதினொரு நகர்வு. பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளை மாங்குளம் தாண்டும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிழை அவளுடையதில்லை. பொறியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பொறியில் விழாதவன் என்ன ஆடுவான் என்பதை அரை மணி நேரம்கூட இருந்து காட்டாதது நான்.

அதிலிருந்து எந்தப் புதினமான திறப்பைப் பிள்ளைகள் கொண்டு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். எதிராளிக்கு இந்தத் திறப்பைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் ஒழுங்காகப் பழகியவர் என்று வைத்துக்கொள்வோம். குதிரையை வெளியே எடுப்பார், பிஷப்பை எடுப்பார், கோட்டை கட்டுவார். இந்தச் சாதாரண நகர்வுகளே அவருக்குப் போதுமா, இல்லை ஒரே ஒரு விசித்திரமான நகர்வைக் கண்டுபிடித்தால்தான் தப்புவாரா? அல்பினில் 4. இ3 இயல்பாகத் தோன்றி அடி வாங்குகிறது, அது கறுப்புக்கு வரவு. ஆனால் 4. குதிரை எஃப்3 அதைவிட இயல்பானது. அதற்குப் பிறகு ஜி3, பிஷப் ஜி2, கோட்டை. மேலே காட்டிய இ6 மட்டும்தான் அங்கே கண்டுபிடிக்க வேண்டியது. அதைக் காணாவிட்டாலும் வெள்ளை நன்றாகவே நிற்கும். எனவே இந்தப் பார்வையில் அல்பின் பாதி மதிப்பெண்தான் எடுக்கிறது.

இப்போது எஞ்சின். ஸ்டொக்ஃபிஷ் என்ற எஞ்சின் காட்டுகிற எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அல்பினில் வெள்ளைக்கு ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு அனுகூலம் காட்டும். கறுப்பு கொடுத்ததும் ஒரு சிப்பாய்தான். அப்படியென்றால் டி4 முள்ளுக்கு எஞ்சின் பெரிதாக விலை போடவில்லை என்று அர்த்தம். ஆனால் பள்ளி மட்டத்தில் ஒரு சிப்பாய் அனுகூலம் ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் குதிரையையே விட்டுவிடுவார்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. லைசெஸ் என்ற சதுரங்க இணையத்தளத்தில் எஞ்சினை ஒரே வரியில் ஓட விடாமல், நாலைந்து வரிகள் காட்டும்படி வையுங்கள். 4... குதிரை சி6 வந்த நிலையில் நிறுத்துங்கள். 5. ஏ3, 5. ஜி3, பி1 குதிரை டி2 என்று ஒன்றுக்கு மேற்பட்ட நகர்வுகள் வெள்ளைக்கு அனுகூலத்தைக் காப்பாற்றுவதைக் காண்பீர்கள். அப்படியென்றால் எதிராளி எதைத் தொட்டாலும் சரியாகத்தான் வரும். அது உங்களுக்குக் கெட்ட செய்தி. மாறாக, முதல் வரி வெள்ளைக்கு ஒரு சிப்பாய் நல்லது என்றும், இரண்டாவது வரியிலிருந்து சமம் என்றும் காட்டுகிற நிலைகள் வேறு திறப்புகளில் வரும். அங்கே எண் மோசமாக இருந்தாலும் துணிந்து ஆடலாம், ஏனென்றால் அந்த ஒற்றை நகர்வை மணிக்கூடு ஓடும்போது கண்டுபிடிப்பது லேசில்லை. ஒரே எண், இரண்டு வேறு அர்த்தம்.

இன்னொன்று, எண்ணை ஐந்தாவது நகர்வில் பார்த்துவிட்டு விடாதீர்கள். இரண்டு பக்கமும் நியாயமாக ஆடி பன்னிரண்டாவது நகர்வு வரை கொண்டுபோய்த் திரும்பப் பாருங்கள். எண் அப்படியே நின்றால் கறுப்பு தாக்குப் பிடிக்கிறது. ஏறிக்கொண்டே போனால் வட்டி குட்டி போடுகிறது.

பத்தில் ஏழு என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அவை எத்தனை நிமிட ஆட்டம்? மூன்று நிமிட, ஐந்து நிமிட ஆட்டமாகத்தான் இருக்கும். அந்த ஏழில் எத்தனையில் எதிராளி 4. இ3 ஆடினார் என்று எடுத்து எண்ணுங்கள். அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான கணக்கு. லைசெஸின் திறப்புப் பட்டியலில் வெற்றி வீதம் பார்க்கிறதும் அப்படித்தான். எல்லா ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் கறுப்பு அழகாக வெல்கிற மாதிரித் தெரியும். ஆட்டக்காரர்களின் தர மதிப்பெண் வரம்பையும் ஆட்ட நேரத்தையும் வடிகட்டி, உங்களைவிடக் கொஞ்சம் மேலே உள்ளவர்களின் மெதுவான ஆட்டங்களை மட்டும் பார்த்தால் நிறம் மாறும்.

பலரும் கவனிக்காத விஷயம், இந்த நிலை உங்களுக்கு எத்தனை தரம் வரும் என்பது. அல்பின் வேண்டுமென்றால் வெள்ளை இரண்டாவது நகர்வில் சி4 ஆட வேண்டும். எங்கள் பக்கத்தில் டி4 ஆடுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் 2. பிஷப் எஃப்4 என்று லண்டன் முறைக்குப் போகிறவர்கள். வேறு சிலர் 2. குதிரை எஃப்3 முதலில் ஆடிவிட்டுத்தான் சி4 வருவார்கள், அப்போது இ5 கட்டத்தைக் குதிரை காத்து நிற்கும், உங்கள் காம்பிட் செல்லாது. சி4 வந்தாலும் எல்லோரும் இ5இல் வெட்டமாட்டார்கள். 3. இ3 என்று ஒதுங்கினால் இ×டி4 4. இ×டி4. இந்த நிலையை எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? பிரெஞ்சுத் தற்காப்பில் (1. இ4 இ6 2. டி4 டி5) டி5இல் சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொள்கிற வரிசையில் வெள்ளை நாலாவது நகர்வாக சி4 தள்ளும்போது வருகிற அதே நிலை, காய்க்குக் காய். பொறியும் இல்லை, முள்ளும் இல்லை, சாதாரண நல்ல ஆட்டம். 3. சி×டி5 வந்தால் ராணி×டி5, 4. டி×இ5 ராணி×டி1 செக், ராஜா வெட்ட, குதிரை சி6. சிப்பாய் திரும்பக் கிடைக்கும், கறுப்புக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் பொறியை மட்டும் பாடமாக்கிப் போகிறவர்கள்தான் மூன்றாவது நகர்விலேயே இருபது நிமிடம் யோசிக்கிறார்கள்.

விசித்திரமாகத் தெரிகிற எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1980இல் சுவீடனின் ஸ்காராவில் அப்போதைய உலக சம்பியன் கார்ப்போவ் 1. இ4 ஆட, இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் 1... ஏ6 என்று பதில் சொன்னார். 2. டி4 பி5. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். மைல்ஸ் வென்றார். அந்த ஏ6 ஒரு காயையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். இடத்தைக் கொடுத்தால் பிறகு மெதுவாக மீட்கலாம். சிப்பாயைக் கொடுத்தால் கணக்கு உடனே தொடங்கிவிடும். அதனால் அழகை விடுங்கள், கடன் எவ்வளவு என்று பாருங்கள்.

அல்பினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இருக்கிறது, 1. டி4 இ5 என்ற எங்ளண்ட் காம்பிட். பெடியள் இதையும் விரும்பி ஆடுகிறார்கள். 2. டி×இ5 குதிரை சி6 3. குதிரை எஃப்3 ராணி இ7 4. பிஷப் எஃப்4 ராணி பி4 செக் 5. பிஷப் டி2 ராணி×பி2. இங்கே 6. பிஷப் சி3 என்று ராணியைத் துரத்தினால் பிஷப் பி4 வந்து வெள்ளை நாசம். ஆனால் 6. குதிரை சி3 என்ற ஒரு சாதாரண நகர்வு போதும். கறுப்பு ராணி வெள்ளைப் பட்டாளத்துக்கு நடுவில் தனியே நிற்கும், மற்றக் காய்கள் வீட்டில் நித்திரை. இதில் முள்ளுமில்லை, இடமுமில்லை, பொறி மட்டும்தான். அல்பினில் குறைந்தபட்சம் டி4 சிப்பாய் நிற்கிறது. எங்ளண்டைப் போட்டிக்கு எடுக்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

சரி, அல்பினை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ராணிப் பக்கம் கோட்டை கட்டுகிற பழைய திட்டத்தை விடுங்கள். ஜி2 பிஷப் குறிவைக்கிற திசைக்குள் ராஜாவைக் கொண்டுபோய் இருத்துவது, மாரி காலத்தில் குளக்கட்டுக்குக் கீழே கொட்டில் போடுவது மாதிரி. வெள்ளை 5. ஜி3 ஆடினால் உங்கள் குதிரையை ஜி8இலிருந்து இ7க்கும் அங்கிருந்து ஜி6க்கும் கொண்டு போங்கள். ரஷ்யாவின் மொரோசெவிச் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களுக்கு எதிராகவே இந்த முறையை ஆடினார். நோக்கம் எளிது. இ5 சிப்பாயை இரண்டு குதிரைகளும் பார்க்கும், காப்பது எஃப்3 குதிரை ஒன்றுதான். 6. பிஷப் ஜி2 குதிரை ஜி6 7. கோட்டை கட்டினால் ஜி6 குதிரை இ5இல் வெட்டும், வெள்ளைக் குதிரை வெட்டும், சி6 குதிரை வெட்டும். நகை மீட்கப்பட்டது. அதற்குப் பிறகும் பி7ஐப் பார்க்கிற அந்தப் பிஷப்பால் வெள்ளைக்குக் கொஞ்சம் நல்லது, ஆனால் கறுப்பு கடனாளி இல்லை.

நான் வெள்ளையாக இருந்தால் 5. ஏ3 ஆடுவேன். பி4 செக்கைத் தடுக்கிறது, பிறகு தானே பி4 தள்ளுகிறது, பிஷப் பி2க்கு வந்து டி4 முள்ளின் அடியைத் தோண்டுகிறது, சமயம் வந்தால் பி5 என்று சி6 குதிரையைத் துரத்துகிறது. உங்கள் குதிரை ஜி6க்குப் போவதற்குள் வெள்ளை அங்கே வேலையைத் தொடங்கிவிடும். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில் மட்டும் ஒரு முழு சனிக்கிழமை செலவழிக்கலாம். நாங்கள் செலவழித்தோம், மின்சாரம் போய் முன்பள்ளிக் கட்டட விறாந்தையில் உட்கார்ந்து. முடிவில் கறுப்பாக இருக்க விரும்புகிறீர்களா என்று கேட்டபோது எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. முதலில் 1... டி5 2... இ6 அல்லது 2... சி6 என்று ஒரு உறுதியான தற்காப்பைப் படித்துக்கொள்ளுங்கள், அதுதான் சோறு. அல்பினும் 1... டி5 என்றே தொடங்குவதால் இரண்டாவது நகர்வு வரை எதிராளிக்கு ஒன்றும் விளங்காது, எதை எடுப்பது என்று மேசையில் இருந்து தீர்மானிக்கலாம். எதிராளி உங்களை இதற்கு முன் சந்திக்காதவர், ஆட்ட நேரம் குறைவு, ஒரு வெற்றி கட்டாயம் தேவை என்றால் இ5 தள்ளுங்கள். நீண்ட ஆட்டம், பழைய முகம், சமன் போதும் என்றால் வேண்டாம். போட்டிக்கு முன்னால் ஒரு கிழமை பலகையைத் திருப்பி வைத்து ஃபோனுக்கு எதிராக வெள்ளையில் ஆடுங்கள், 4. குதிரை எஃப்3, 5. ஜி3 என்றும் ஒருநாள், 5. ஏ3 என்றும் ஒருநாள். உங்கள் காம்பிட்டை நீங்களே எவ்வளவு லேசாக வெல்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், லாஸ்கர் பொறி விழுகிற நாள் வந்தால் ஒரு கறுப்புக் குதிரை தேவைப்படும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதை ஆட்டம் தொடங்க முன்னரே எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். வெள்ளையில் இருக்கிறவன் அதைப் பார்த்துவிட்டு 4. இ3 ஆடமாட்டான்.